அப்பாவின் புல்லட்டும் திருவொற்றியூர் தொழிற்சாலையும்

அப்பாவின் முதல் வருஷ திதி முடிந்த மறுநாள் காலை. தம்பி கொல்லைக் கொட்டகையைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, கையிலிருந்த ஒட்டடையைத் தட்டிக்கொண்டே கேட்டான்: "அண்ணே, அந்த வண்டிய என்ன பண்ணலாம்?"

அந்த வண்டி என்றால் 1963-ம் வருஷத்து என்ஃபீல்டு புல்லட். 1998-ல் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபோது சாக்கு போட்டு மூடி நிறுத்தினது. அப்புறம் யாரும் தொடவில்லை. சீட்டின் மேல் கோழி அடைகாத்திருக்கிறது. சென்னையில் தம்பிக்குத் தெரிந்த ஒருவர் முப்பத்தைந்தாயிரம் தருவதாகச் சொன்னாராம்.

"விக்க மனசு வரலடா" என்றேன்.

"அப்ப வச்சுக்க. ஆனா ஓடுற வண்டியா வச்சுக்க. அடுத்த திதிக்கு நான் வர்றப்ப ஓடணும். சும்மா நிறுத்தி வச்சுத் துருப்பிடிக்க விடறதுக்கு, யாராவது ஓட்டட்டும்."

அவன் சொன்னதில் தப்பில்லை. அவனுக்கும் பாதிப் பங்கு உண்டு.

வீட்டில் அதைவிடக் கறாரான ஒரு நிபந்தனை வந்தது. அந்த மாதம்தான் அகவிலைப்படி நிலுவை பதினெட்டாயிரம் ரூபாய் வந்திருந்தது. "அது உங்க பணம். என்ன வேணா பண்ணுங்க. அதுக்கு மேல பென்ஷன்ல கை வைக்கக் கூடாது" என்று என் மனைவி சொல்லிவிட்டாள். மகள் கல்யாணக் கடன் இன்னும் தீராத நேரம்.

முப்பத்து மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தினவன் நான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்ததுகூட இல்லை. எனவே எனக்குத் தெரிந்த வழியில் ஆரம்பித்தேன்: இந்த வண்டி எங்கே பிறந்தது, எப்படி இங்கே வந்தது என்று படிக்கத் தொடங்கினேன். அது வெட்டி வேலை என்று வீட்டில் நினைத்தார்கள். ஆனால் அந்தப் பதினெட்டாயிரத்துக்குள் ஏறக்குறைய இந்தக் காரியம் முடிந்ததற்குக் காரணமே அந்தச் சரித்திரம்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இங்கிலாந்தில் ரெடிச் என்று ஓர் ஊர். தையல் ஊசிக்குப் பேர் போன ஊர். நமக்குப் பத்தமடை பாய் மாதிரி, அவர்களுக்கு ரெடிச் ஊசி. அங்கே ஜார்ஜ் டவுன்சென்ட் என்பவர் ஆரம்பித்த ஊசிக் கம்பெனி பிறகு சைக்கிளும் சைக்கிள் பாகங்களும் செய்தது. 1891-ல் ஆல்பர்ட் ஈடி, ராபர்ட் வாக்கர் ஸ்மித் என்ற இருவர் அதை எடுத்து நடத்தினார்கள். என்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுணுக்கமான பாகங்கள் செய்து கொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. அந்த ஊர்ப் பெயரே கம்பெனிக்கும் ஒட்டிக்கொண்டது. 1901-ல் முதல் மோட்டார் சைக்கிள். 1932-ல் முதன்முதலாகப் 'புல்லட்' என்று ஒரு மாடலுக்குப் பெயர் வைத்தார்கள். துப்பாக்கிக் கம்பெனி உறவு இருந்தால் குண்டுதானே பிறக்கும்!

நாம் பார்த்துப் பழகிய புல்லட், இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு வந்தது. பின் சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்மும் ஷாக் அப்சார்பரும் வைத்து 1949-ல் விற்பனைக்கு வந்தது. அந்தக் காலத்தில் பல வண்டிகளில் பின் சக்கரம் பிரேமோடு சேர்த்து இறுக்கிப் பூட்டியிருக்கும். பள்ளத்தில் விழுந்தால் அடி நேராக முதுகெலும்புக்குத்தான்.

அதே 1949-ல் மதராஸில் கே.ஆர். சுந்தரம் அய்யரின் மெட்ராஸ் மோட்டார்ஸ், பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களை இறக்குமதி செய்து விற்க ஆரம்பித்தது. நார்ட்டன், மேட்ச்லெஸ், அவற்றோடு ராயல் என்ஃபீல்டு. சுதந்திரம் வந்து இரண்டே வருஷம். எல்லைக்காவலுக்கு மேட்டிலும் பள்ளத்திலும் போகிற, ரிப்பேருக்கு ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாத வண்டி இராணுவத்துக்குத் தேவைப்பட்டது. 1950-களின் தொடக்கத்தில் நூற்றுக்கணக்கில் 350 சிசி புல்லட்டுகளுக்கு ஆர்டர் போனது. அவை நன்றாக உழைத்தன.

அதன் பிறகுதான் திருவொற்றியூர். 1955-ல் ரெடிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனியைத் தொடங்கின. ஆரம்பத்தில் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் பெட்டி பெட்டியாக வரும், இங்கே பூட்டுவார்கள். 1956-ம் வருஷம் முழுக்கக் கட்டிய வண்டிகள் 163. மறு வருஷம் பாகங்களைச் செய்வதற்கான அச்சுகளும் கருவிகளும் ரெடிச்சிலிருந்து இங்கே விற்கப்பட்டன. அந்நியச் செலாவணிக்கு நாடு தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. வெளியிலிருந்து ஒரு நட்டு வாங்குவதற்கும் அனுமதி வேண்டும். 1962-க்குள் வண்டியின் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின.

கப்பல் ஏறி வந்தது 1955-ம் வருஷத்து மாடலின் வரைபடமும் கருவிகளும் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ரெடிச்சில் அதன் பிறகும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பிரேமை மாற்றினார்கள், என்ஜினை மாற்றினார்கள், 1962-ல் பழைய புல்லட்டையே கைகழுவினார்கள். கடைசியில் 1967-ல் ரெடிச் தொழிற்சாலை மூடியது. 1970-ல் இங்கிலாந்தில் அந்தப் பெயரில் வண்டியே இல்லாமல் போயிற்று. தாய் வீடு இடிந்துவிட்டது, கட்டிக்கொடுத்த பெண் மட்டும் மதராஸில் மஞ்சள் குங்குமத்தோடு இருக்கிறாள் என்கிற கதை.

அப்பா கால்நடை ஆய்வாளர். மணல்மேடு, பட்டவர்த்தி, அந்தப் பக்கத்துக் கிராமங்கள் எல்லாம் அவர் சுற்று. வெக்கை நோய்க்கும் கோமாரிக்கும் தடுப்பூசி மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து எடுத்துக்கொண்டு போவார். ஐஸ் கரைவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும். சைக்கிளில் போய்ப் பாதி நாள் மருந்து வீணாகிறது என்று சொல்லி, 1971-ல் இந்த வண்டியை வாங்கினார். புதிது இல்லை. பெங்களூரில் இராணுவ ஏலத்தில் எடுத்து விற்கும் வியாபாரி ஒருவரிடமிருந்து வாங்கியதாக அம்மா சொல்வாள். விலை என்ன என்று அப்பா யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவின் இரட்டை வடம் அந்த வருஷத்தோடு காணாமல் போனதை வைத்து நாங்களாக ஊகித்துக்கொண்டதுதான்.

கிராமத்தில் வண்டிச் சத்தம் கேட்டதும் "மாட்டு டாக்டர் வர்றாரு" என்று மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து நிற்பார்களாம். அவர் டாக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை.

சரி, கொட்டகைக்கு வருகிறேன். எங்கள் தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் பாயைக் கூட்டிவந்தேன். அறுபது வயது, அப்பாவின் வண்டிக்குக் கடைசியாகக் கை வைத்தவரும் அவர்தான். நான் ஆர்வக்கோளாறில் கிக்கரை மிதிக்கப் போனேன்.

"சார், சார்! காலை எடுங்க. பதினெட்டு வருஷம் நின்ன வண்டி. மிதிச்சா ரிங் உடைஞ்சிடும்."

பிளக்கைக் கழற்றி, டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து உள்ளே ஊற்றி, மூன்று நாள் அப்படியே விடச் சொன்னார். நாலாம் நாள் டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தார். முதலில் கல் மாதிரி இருந்தது. கால் மணி நேரம் கழித்து 'களுக்' என்று ஒரு நகர்வு. பாய் சிரித்தார். எனக்கு அந்தச் சத்தம் என்னவென்றே தெரியவில்லை, ஆனாலும் சிரித்தேன்.

புல்லட்டில் ஆயிலுக்குத் தனி டாங்கி கிடையாது. கிராங்க் கேஸின் ஒரு பகுதியையே அறையாகத் தடுத்து அதில்தான் ஆயில் நிற்கும். பழைய ஆயிலை வடித்தபோது வெல்லப்பாகு மாதிரி வந்தது. ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றிய அன்றுதான் என் பதினெட்டாயிரத்துக்குச் சோதனை. கனெக்டிங் ராடின் அடிமுனையில் இருக்கும் பிக் எண்ட் தேய்ந்திருந்தால் கிராங்கைப் பிரித்து, புஷ் போட்டு, அலைன்மென்ட் பார்த்துத் திரும்ப அழுத்த வேண்டும். அந்த ஒரு வேலையே பாதிப் பணத்தை விழுங்கிவிடும். பாய் ராடை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழுமாக இழுத்து அழுத்திப் பார்த்தார். தெருவில் யாரோ ஹாரன் அடித்தார்கள். "கொஞ்சம் இருங்க" என்று கையமர்த்தினார். நாடி பார்க்கிற மாதிரிதான். ஐந்தாறு தடவை செய்துவிட்டுச் சொன்னார்: "ஆட்டம் இல்ல சார். அப்பா ஆயில் மாத்துறதுல கண்டிப்பானவரு."

அப்பா ஆயில் மாற்றிய தேதிகளை டைரியில் எழுதி வைத்திருந்தது எனக்கு அதன் பிறகுதான் ஞாபகம் வந்தது.

சிலிண்டர் தேய்ந்திருந்தது. இந்த என்ஜின் 346 சிசி. சிலிண்டர் விட்டம் 70 மில்லி மீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லி மீட்டர். அகலத்தைவிட உயரம் ஜாஸ்தி என்பதால்தான் அந்த நிதானமான தடதடப்பு. ஏற்கெனவே ஒருமுறை போர் செய்து முப்பது தவ் பெரிய பிஸ்டன் போட்டிருந்தது. இனி நாற்பது. லேத் பட்டறையில் கொடுப்பதற்கு முன்னால் அந்த சைஸ் பிஸ்டன் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். 1963-ம் வருஷத்து வண்டிக்கு 2016-ல் பிஸ்டன் எங்கே தேடுவது என்று நான் கவலைப்பட்டேன்.

கும்பகோணத்தில் ஒரு சாதாரண உதிரிபாகக் கடையில், அலமாரியிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்கள். "தொண்ணூத்தெட்டு மாடல் வண்டிக்கும் இதேதான் சார்" என்றார் கடைக்காரர்.

சரித்திரம் எனக்குக் காசு மிச்சம் பிடித்துக் கொடுத்த இடம் இதுதான். முப்பத்தைந்து வருஷ இடைவெளியில் செய்த இரண்டு வண்டிகளுக்கு ஒரே பிஸ்டன்! கேஸ்கட், வால்வு, கிளட்ச் பிளேட், ஒயர், செயின் என்று பார்த்தால் பெரும்பாலும் அப்படித்தான். உலகத்தில் வேறு எந்த வண்டிக்கும் எளிதில் அமையாத வசதி இது. என் மைத்துனரிடம் ஒரு ஜாவா இருந்தது. அழகான வண்டி. மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-ல் மூடிய பிறகு, ஒவ்வொரு பாகத்துக்கும் அவர் ஊர் ஊராக அலைந்து, கடைசியில் அலுத்துப்போய் விற்றுவிட்டார்.

ஏன் மாறவில்லை என்று கேட்டால், அதில் பெருமைப்பட ரொம்ப இல்லை. லைசென்ஸ் ராஜ்ஜியக் காலம். எத்தனை வண்டி செய்யலாம் என்பதையே அரசாங்கம் சொல்லும். போட்டி என்று பார்த்தால் ஜாவா, ராஜ்தூத், அவ்வளவுதான். போலீஸும் இராணுவமும் நிரந்தர வாடிக்கை. மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை, மாற்றுவதற்குப் பணமும் இல்லை. புதிதாகச் செய்து பார்த்ததெல்லாம் வேறு ஜாதி வண்டிகள்: ஃபேண்டாபுலஸ் என்று ஒரு ஸ்கூட்டர் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மினி புல்லட்? எக்ஸ்புளோரர்? சில்வர் பிளஸ் மொபெட்? எல்லாம் வந்த வேகத்தில் போயின. புல்லட் மட்டும் அப்படியே நின்றது. 1977-ல் அதை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்ய ஆரம்பித்தார்கள். கொல்லத் தெருவில் ஊசி விற்பது என்போமே, அது இதுதான். அதுவும் ஊசிக்குப் பேர் போன ஊரின் வண்டியையே! அங்கே பழைய நினைவில் வாங்குவதற்கு ஆள் இருந்தது.

1980-களின் நடுவில் இண்ட்-சுசுகி, ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்எக்ஸ் 100 எல்லாம் வந்தபோதுதான் அடி விழுந்தது. லிட்டருக்கு எண்பது கிலோமீட்டர் என்று அவர்கள் விளம்பரம் செய்ய, புல்லட் முப்பதைத் தொடுவதற்கே முக்கியது. என் சக ஆசிரியர்கள் கடன் போட்டு நூறு சிசி வண்டி வாங்கினார்கள். அப்பாவின் வண்டியை "டிராக்டர்" என்றார்கள். பெட்ரோல் செலவு தாங்காமல், வயல்காட்டு பம்ப்செட்டு மாதிரியான டீசல் என்ஜினைப் புல்லட் பிரேமில் பூட்டி ஓட்டினவர்களும் உண்டு. 1993-ல் கம்பெனியே டாரஸ் என்ற டீசல் புல்லட்டை விற்றது. கறுப்புப் புகை விட்டுக்கொண்டு போகும், பார்த்திருப்பீர்கள். 1994-ல் ஐஷர் குழுமம் கம்பெனியை எடுத்துக்கொண்டது. பழைய 'ராயல்' மறுபடி பெயரில் சேர்ந்தது. 2000-ம் வருஷ வாக்கில்கூட மாதத்துக்கு இரண்டாயிரம் வண்டி விற்பதே பெரும்பாடு, மூடிவிடலாம் என்ற பேச்சு நடந்தது. இரும்பு சிலிண்டர் போட்ட அந்தப் பழைய என்ஜினின் காலம் 2010 வாக்கில்தான் முடிந்தது.

ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரே என்ஜின். ஒரு தொழிலின் தோல்விக்கு உதாரணமாக இதை வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன். போட்டியில்லாத சந்தை எப்படிச் சோம்பேறியாகும் என்பதற்குப் புல்லட்டும் அம்பாசிடரும்தான் என் எடுத்துக்காட்டு. இன்றைக்கும் அது தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சோம்பல்தான் என் அப்பாவின் வண்டியைக் காப்பாற்றியது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அப்போது எனக்குத் தெரியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. இவ்வளவு காலம் மாறாத பாகம் என்றால் டூப்ளிகேட் செய்கிறவனுக்குக் கொண்டாட்டம். தில்லி கரோல்பாக்கிலிருந்து வரும் சரக்கில் நல்லதும் உண்டு, சோற்றில் கல் மாதிரியும் உண்டு. பாய் ஒரு கணக்கு வைத்திருந்தார்: உள்ளே சுழல்கிற சாமானுக்கு நல்லது வாங்கு, வெளியே தெரிகிற சாமானுக்குப் பழையதே போதும். அதன்படி பிஸ்டன், ரிங், வால்வு கைடு, கேஸ்கட் எல்லாம் நல்ல கம்பெனிச் சரக்கு. மட்கார்டு நெளிவைத் தட்டி எடுத்ததோடு சரி. சீட்டு உறை கூட மாற்றவில்லை. பெயின்ட் அடிக்க மூவாயிரம் கேட்டார்கள். அதை டயருக்குப் போட்டேன். முன்னும் பின்னும் ஒரே அளவு, 3.25-19.

பெட்ரோல் டாங்கிக்கு உள்ளே துரு மண்டியிருந்தது. கைப்பிடி நட்டையும் போல்ட்டையும் போட்டு, டீசல் ஊற்றி, குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி ஒரு மணி நேரம் குலுக்கினேன். பிறகு சிட்ரிக் ஆசிட் தூளைத் தண்ணீரில் கரைத்து இரண்டு நாள் ஊறப்போட்டு, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்தேன். நூறு ரூபாய்கூட ஆகவில்லை. அடியில் இரண்டு ஊசி ஓட்டைகள் தெரிந்தன. அதைப் பித்தளை வைத்து அடைப்பதற்கு முன் டாங்கியில் கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, பற்ற வைக்கிற இடம் மட்டும் மேலே வரும்படி சாய்த்து வைத்தார்கள். பெட்ரோல் ஆவி கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் வெடிகுண்டுதான். வீட்டில் யாரும் இதை விளையாட்டாக முயல வேண்டாம்.

அந்த ஓட்டையைச் சுற்றிச் சுரண்டும்போதுதான் கறுப்பு பெயின்டுக்கு அடியில் பச்சை தெரிந்தது. இராணுவப் பச்சை. அம்மா சொன்ன கதை நிஜம்தான் போலிருக்கிறது. ஒரு பெயின்ட் அடுக்கை வைத்து இது எந்த எல்லையில் ஓடிற்று என்றெல்லாம் சொல்ல முடியாது. வரலாற்று வாத்தியாருக்கு அந்த அளவு அடக்கமாவது வேண்டும். ஆனால் நகத்தளவு அந்தப் பச்சையை மட்டும் மூடாமல் விடச் சொல்லிவிட்டேன்.

கார்பரேட்டர்தான் இழுத்தடித்தது. பழைய அமல் கார்பரேட்டரின் ஸ்லைடு தேய்ந்து, பக்கவாட்டில் காற்று வாங்கியது. ஸ்டார்ட் ஆனாலும் நின்ற இடத்தில் நிதானமாக ஓடாது. புது அமல் என் சக்திக்கு மேல். சென்னை போயிருந்தபோது புதுப்பேட்டையில் அரை நாள் அலைந்து, பிற்காலத்துப் புல்லட்டிலிருந்து கழற்றிய மிக்கார்ப் ஒன்றை எழுநூறு ரூபாய்க்கு வாங்கினேன். முதலில் ஆயிரத்து இருநூறு சொன்னார். "சார், நீங்க வாத்தியாரா?" என்று கேட்டுவிட்டுக் குறைத்தார். எதை வைத்துக் கண்டுபிடித்தாரோ தெரியவில்லை. ஆக்சிலேட்டர் கேபிளை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.

கரன்ட் விஷயத்தில் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றச் சொல்லிப் பலர் யோசனை சொன்னார்கள். கணக்குப் பார்த்தால் ஐந்தாயிரத்துக்கு மேல் வந்தது. ஆறு வோல்ட்டே இருக்கட்டும் என்று விட்டேன். ஹெட்லைட் அகல்விளக்கு மாதிரிதான் எரியும். ராத்திரியில் ஓட்டப் போவதில்லை.

டேப்பட் வைக்கிற முறையைப் பாய் எனக்கே கற்றுக் கொடுத்தார். மற்ற வண்டிக்கெல்லாம் கேஜ் வைத்து இடைவெளி பார்க்க வேண்டும். இதில் இடைவெளியே கிடையாது. என்ஜின் ஆறியிருக்கும்போது, பிஸ்டன் மேல் உச்சியில், இரண்டு வால்வும் மூடியிருக்கிற நிலையில், புஷ் ராடை இரண்டு விரலால் உருட்டினால் தாராளமாகச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு. ஒரு ஸ்பானரும் இரண்டு விரலும் போதும் என்றால் கிராமத்துப் பட்டறைகளில் இந்த வண்டி ஏன் பிழைத்தது என்று புரிகிறது.

திதிக்கு மூன்று வாரம் இருக்கும்போது வண்டி ஓடியது. எனக்குக் கை கால் நிற்கவில்லை. மணல்மேடு சாலையில் ஆறு கிலோமீட்டர் போனேன்; சொடக்குப் போட்ட மாதிரி நின்றது. சூடு ஆறினால் ஸ்டார்ட் ஆகும், மறுபடி நாலைந்து கிலோமீட்டரில் நிற்கும். நூற்றி அறுபது கிலோவுக்கு மேல் எடை. அறுபது வயசில் அதைத் தள்ளிக்கொண்டு வந்தால் மனிதனுக்கு ஞானம் வரும். பெட்ரோலைச் சந்தேகப்பட்டோம், காயிலைச் சந்தேகப்பட்டோம். பத்து நாள் போயிற்று. கடைசியில் பார்த்தால் அறுபது ரூபாய்க்கு வாங்கிய டூப்ளிகேட் கண்டென்சர். சூடானால் வேலை செய்யவில்லை. பாய் அம்பாசிடர் காருக்குப் போடும் கண்டென்சர் ஒன்றை எடுத்து, என்ஜின் சூடு படாத இடத்தில் வெளியே வைத்துக் கட்டி, ஒயர் இழுத்துவிட்டார். இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

மொத்தச் செலவு இருபதாயிரத்துத் தொள்ளாயிரம். இதில் பாயின் கூலி ஐயாயிரம். அவர் கேட்டது நாலு, நான் கொடுத்தது ஐந்து. கூடுதலான இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துக்காக அந்தத் தீபாவளிக்கு எனக்கு வேட்டி சட்டை எடுக்கவில்லை. வீட்டில் கேட்டதற்கு, "பழசே நிறைய இருக்கே" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தெரிந்திருக்கும்.

பேப்பர் வேலை இந்தக் கணக்கில் சேரவில்லை. நம் வயதுக்காரர்கள் பலர் வீட்டில் அப்பா பெயரிலேயே கிடக்கும் வண்டிகள் இருக்கும் என்பதால் சொல்கிறேன்: உரிமையாளர் காலமாகியிருந்தால் படிவம் 31. அதோடு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25, பசுமை வரி. என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் புத்தகத்தில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். எங்கள் வண்டியில் ஒத்துப்போனது, அதுவே பாதி வேலை. 2021-ல் ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதியும் விதி வந்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் இருபதாயிரம். அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று மட்டும்தான் சாலையில் எடுக்கலாம். காய்கறி வாங்கப் போகிறவனுக்கு அது சரிப்படாது. சாதாரணப் பதிவே போதும் என்று இருந்துவிட்டேன்.

திதிக்குத் தம்பி குடும்பத்தோடு வந்தான். சாப்பாடெல்லாம் முடிந்து, சாயங்காலம் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தேன். முதலில் தம்பி மகன்தான் ஓடிவந்தான். சென்னையில் புது புல்லட்டில் பழகினவன். இதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில், அதுவும் கியர் முதலாவதுக்கு மேலே, மற்றதெல்லாம் கீழே என்று சொல்வதற்குள் ஏறிவிட்டான். தெருமுனையில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்து, எதிர்வீட்டுச் செம்பருத்தி வேலிக்குள் போய் நின்றான். அடி ஒன்றும் இல்லை. வேலிக்குத்தான்.

பிறகு தம்பி கேட்டான்: "குடு, நான் ஸ்டார்ட் பண்றேன்."

சாவியைப் போட்டு, கிக்கரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினால் ஆம்மீட்டர் முள் இடது பக்கம் சாய்ந்து நிற்கும். இன்னும் அழுத்த, ஒரு இடத்தில் முள் நடுவுக்கு வரும். அங்கே டீகம்ப்ரசரைப் பிடித்து ஒரு இம்மி தாண்டவிட்டு, விட்டுவிட்டு, முழுசாக ஒரே மிதி. இதையெல்லாம் அவனுக்குச் சொல்ல வாயெடுத்தேன். அவன் ஏற்கெனவே குனிந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினைந்து வயசில் திண்ணையில் உட்கார்ந்து, அப்பா தினமும் காலையில் இதைச் செய்வதை இரண்டு பேரும்தானே பார்த்திருக்கிறோம்!

முதல் மிதியில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் கிக்கர் திருப்பி அடித்தது. "ஐயோ" என்று காலை உதறினான். மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. அந்தத் தடதடப்பு தெருவில் கேட்டதும் உள்ளே படுத்திருந்த அம்மா, "யாரு வந்திருக்கா?" என்று கேட்டாள்.

தம்பி திதிச் சாப்பாட்டுக்கு வந்த சித்தப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு துலாக்கட்டம் வரை போய்த் திரும்பினான். விற்பதைப் பற்றிப் பிறகு பேச்சு எழவில்லை.

இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் எடுக்கிறேன். ஆயில் ஒழுகுகிறது, கிராங்க் கேஸ் ஜாயின்டில் எத்தனை கேஸ்கட் மாற்றினாலும் இரவில் நாலைந்து சொட்டு. "புல்லட்னா ஒழுகும் சார், ஒழுகலைன்னாதான் ஆயில் இல்லைன்னு அர்த்தம்" என்கிறார் பாய். முற்றத்துச் சிமென்ட் தரை கறையாகிறது என்று வீட்டில் சண்டை. அடுப்படியிலிருந்து கைப்பிடி உடைந்த பழைய அலுமினியத் தாம்பாளம் ஒன்றைக் கொடுத்திருக்கிறாள். அதை வண்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன். காலையில் அதைத் துடைப்பது என் வேலை.